கோம்போ மடு: பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் 'வால்ட்சிங் மட்டில்டா' என்ற பாட்டு தெரியாத ஆள் இல்லை. மூட்டையைச் சுமந்து வேலை தேடி அலையும் ஒருவன், மடுவில் தண்ணீர் குடிக்க வந்த ஆட்டைப் பிடித்துப் பைக்குள் திணிக்கிறான். பண்ணைக்காரரும் போலீஸும் வந்து நிற்க, அகப்படுவதைவிடச் சாவது மேல் என்று தண்ணீரில் குதித்துவிடுகிறான். அந்த மடு என்று பொதுவாகக் காட்டப்படுவது, குயின்ஸ்லாந்தின் மேற்கே டயமண்டினா ஆற்றில் உள்ள கோம்போ.

நடை ஒன்றும் பெரிதில்லை. போக வர இரண்டரை கிலோமீட்டர் சொச்சம், மெதுவாகப் போனாலும் ஒரு மணி நேரம். சிக்கல் எல்லாம் அங்கே போய்ச் சேருவதில்தான். விண்டன் ஊரிலிருந்து லேண்ட்ஸ்பரோ நெடுஞ்சாலையில் வடமேற்காகச் சுமார் 140 கி.மீ.; கைனூனா என்ற சிற்றூருக்குக் கொஞ்சம் முன்பே திரும்ப வேண்டும். நெடுஞ்சாலை நல்ல தார்ச்சாலை. திரும்பிய பிறகு வருவது மண் பாதை, அதுவும் கரிசல். காய்ந்திருந்தால் சாதாரண காரே போய்விடும். நனைந்திருந்தால் நான்கு சக்கர இழுவை வண்டியும் சிக்கி நின்றுவிடும். களிமண் டயரின் வரிப்பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். பிறகு சக்கரம் பிடிமானமின்றி வழுக்கும், அதற்குப் பிறகு மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரமே சுற்றாது. வெயில் வந்துவிட்டதே என்று நம்பி இறங்காதீர்கள். மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும், கீழே ஈரம் அப்படியே இருக்கும். கிளம்பும் முன் 13 19 40 என்ற குயின்ஸ்லாந்து சாலைத் தகவல் எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்து சில நாள்தான் ஆகிறது என்றால் விண்டனிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

மே முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம். கோடையில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், மழையும் அப்போதுதான். விண்டனிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நடைக்குத் தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வண்டியில் தலைக்குப் பத்து லிட்டர் தனியாக. மடுத் தண்ணீர் கலங்கல். ஆடுமாடு இறங்கும் தண்ணீர், குடிக்க ஆகாது. ஆழமும் அடியில் கிடக்கும் மரக்கட்டையும் கண்ணுக்குத் தெரியாததால் குளிக்கவும் வேண்டாம். முகத்துக்கு ஈ வலை கட்டாயம். இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் கால்வாசி தூரத்திலேயே இரண்டு கையாலும் விசிறிக்கொண்டு வருவார்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். மடு இருக்கும் பாதுகாப்புப் பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது.

பாதை ஆற்றின் கிளைகளைக் கடந்து போகிறது. பெரும்பாலும் அவை வறண்ட பள்ளங்கள்தான். கடக்க இருப்பவை கல் பாவிய தாழ்வான அணைக்கரைகள். 1880களில் சீனத் தொழிலாளர்கள் கட்டியவை. என்னைக் கேட்டால் கோம்போவில் பார்க்க வேண்டியது இவைதான். குனிந்து பாருங்கள்: தட்டைக் கற்களை ஒன்றோடொன்று நெருக்கி, சரிவு முழுக்க இடைவெளி தெரியாமல் பாவியிருப்பார்கள். வெள்ளத்தைத் தடுப்பது நோக்கமல்ல. வெள்ளம் மேலேறி வழிந்து போகட்டும், கரை மட்டும் அரிக்கப்படாமல் நிற்கட்டும் என்பதே கணக்கு. கரையை உயர்த்திக் கட்டியிருந்தால் ஒரே பெருக்கில் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆறு ஓடி ஓய்ந்த பிறகு, கரைக்குப் பின்னால் தேங்கியது மிஞ்சும். கட்டியவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் பாட்டிலும் இல்லை என்பது எனக்கு உறுத்தல்தான். விளிம்புக் கற்களில் சில ஆடும், அதில் கால் வைக்காமல் நடுவே நடங்கள்.

மடு நீளமானது, பழுப்பு நிறம், கரையெல்லாம் கூலிபா மரங்கள். பாட்டில் வரும் அதே மரம்தான். அடிமரத்தில் சொரசொரப்பான கருத்த பட்டை, மேல்கிளைகள் வழவழப்பாக வெளிறியிருக்கும்.

பாட்டை பாஞ்சோ பேட்டர்சன் என்ற ஆஸ்திரேலியக் கவிஞர் 1895-இல் பக்கத்து டாக்வொர்த் பண்ணையில் தங்கியிருந்தபோது எழுதினார். மெட்டு, அங்கே கிறிஸ்டினா மெக்ஃபர்சன் வாசித்துக் காட்டியது. முந்தைய ஆண்டு விக்டோரியாவில் குதிரைப் பந்தயத்தில் காதில் விழுந்த ஓர் அணிவகுப்பு இசை. அதே 1894-இல்தான் ஆட்டு ரோமம் கத்தரிப்போர் வேலைநிறுத்தம், டாக்வொர்த்தின் ரோமம் கத்தரிக்கும் கொட்டகை எரிப்பு, அதைத் தொடர்ந்து ஹாஃப்மைஸ்டர் என்ற தொழிலாளி துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துகிடந்தது. அவர்தான் பாட்டின் நாடோடி என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அவர் உடல் கிடந்தது இந்த மடுவில் அல்ல என்பதையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் பத்துக்கு முன் திரும்பி வண்டி எடுத்துவிடலாம். மாலையில் போய் இருட்டில் திரும்பும் திட்டம் வேண்டாம்: அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் சாலைக்கு வரும், எதிரே பல டிரெய்லர்களை இழுக்கும் ஐம்பது மீட்டர் நீள லாரியான ரோடு டிரெயின் வரும், அது உங்களுக்காக பிரேக் போடாது. பகலோடு விண்டன் சேர்ந்தால், இந்தப் பாட்டுக்கான அருங்காட்சியகமான வால்ட்சிங் மட்டில்டா மையத்தையும் பார்க்கலாம். 2015-இல் தீயில் போய், 2018-இல் புதிதாகத் திறந்தது.