நாராயணசாமி நாயுடுவின் ஊருக்கு ஒரு பயணம்

கோவையிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டி, உள்ளே பிரிகிற கிளைச் சாலையில் போனால் வையம்பாளையம். 1925இல் சி. நாராயணசாமி நாயுடு பிறந்த ஊர். எழுபதுகளில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் அவர் பேச்சைக் கேட்காமல் தள்ளிவிட முடியாது என்ற நிலை இருந்தது. இத்தனைக்கும் அவர் எம்.எல்.ஏ.வோ மந்திரியோ இல்லை, தோட்டம் வைத்திருந்த விவசாயி, விவசாயிகள் சங்கத் தலைவர். இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரே தெரிவதில்லை. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால்தான் கிளம்பினேன்.

ஊரில் அவருக்கு அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தபடி நடந்தேன். ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மடை மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, "வாங்க கண்ணு, மொதல்ல கெணத்தப் பாருங்க. அப்பறம் அவரப் பத்திப் பேசலாம்" என்று கூட்டிப்போனார்.

கொங்கு நாட்டுக் கிணற்றைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் பிரம்மாண்டம் தெரியும். சதுரமாக, ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. பாறையில் வெடிக்குழி போட்ட தடங்கள் வரிவரியாக இறங்குகின்றன. மேலே இருக்கும் தடம் தாத்தா காலத்தது, அடுத்தது அப்பா காலத்தது, அடியில் இருப்பது தான் கடன் வாங்கி வெட்டியது என்று பெரியவர் கை காட்டிச் சொன்னார். குடும்பத்தின் கடன் கணக்கு முழுக்க அந்தப் பாறையில் இருந்தது. கரையோரம், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்துக் கல்தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, வடக்கயிற்றில் கட்டிய தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். பறி காலியானதும் மாடுகள் பின்னாலேயே நடந்து ஏற வேண்டும். பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கினாலும் ஒரு நாளில் பாயும் நிலம் கொஞ்சம்தான்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இந்தப் பாடு அவ்வளவாகப் புரியாது. இங்கே மழை குறைவு. பெரும்பாலான நிலத்துக்கு வாய்க்கால் பாசனம் கிடையாது. 1932இல் பைக்காரா மின்நிலையம் வந்த பிறகு கம்பி ஊர் ஊராக நீண்டது, கோவைப் பட்டறைகளே மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தன, மாடு செய்த வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. அதோடு கிணறுகளும் ஆழமாயின. ஆழம் கூடினால் மோட்டாரின் குதிரைத்திறன் கூடும், யூனிட்டும் கூடும். அன்றைக்குப் பருத்திக்கு விலை சொன்னது வியாபாரி. கரண்டுக்கு விலை சொன்னது அரசாங்கம். விவசாயியின் கையில் எதுவும் இல்லை. யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதற்கா இவ்வளவு பெரிய போராட்டம் என்று கேட்பவர்கள் இந்தக் கிணற்றுக்குள் ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

1970இல் மின்கட்டணம் உயர்ந்தபோது நாயுடு ஊர் ஊராகப் போய் விவசாயிகளைத் திரட்டினார். அந்த ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மூன்று விவசாயிகள் இறந்தார்கள்.

1972இல் மறுபடியும் கட்டண உயர்வு. இந்த முறை மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவைக்கே வந்துவிட்டார்கள். சாலைகளில் வண்டிகளை நிறுத்தியதும் நகரம் அப்படியே நின்றுபோனது. பெரியவர் அப்போது இளவட்டம், அப்பாவோடு வண்டியில் போனவர். "கட்டுச்சோறு, மாட்டுக்குத் தீவனம், எல்லாம் ஏத்திட்டுத்தான் போனோம். எப்ப திரும்புவோம்னு யாரும் கேக்கல" என்றார். ஆயுதம் எதுவும் இல்லை, கையில் இருந்தது தினமும் உழைக்கிற வண்டி மட்டும். எனக்கு நாயுடுவின் தலைமையில் மிகப் பிடித்த இடம் இதுதான். விவசாயிக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றையே அவர் போராட்டமாக்கினார். ஆனால் அந்த ஜூலையிலும் துப்பாக்கிச் சூடுகளில் பல விவசாயிகள் உயிரிழந்தார்கள். ஜூலை 5ஐ உழவர் தினமாக விவசாயச் சங்கங்கள் நினைவுகூர்வது அவர்களுக்காகத்தான்.

பிற்பகல் அவிநாசி வழியாகப் பெருமாநல்லூர் போனேன். இப்போது அது திருப்பூர் மாவட்டம், நெடுஞ்சாலை இரைச்சல் ஓயாத ஊர். இறந்தவர்களுக்கான நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து டீக்கடையில் விசாரித்தபோது கடைக்காரர், "ஜூன் பத்தொன்பதுக்கு வாங்க, பச்சைத் துண்டா தெரியும்" என்றார்.

நாயுடு 1982இல் உழவர் உழைப்பாளர் கட்சி தொடங்கினார். சங்கத்தில் திரண்ட கூட்டம் ஓட்டுப்பெட்டியில் திரளவில்லை. போராட்டக் களத்தில் பின்னால் நின்றவர்கள் தேர்தலன்று தங்கள் பழைய சின்னத்துக்கே போய்விட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தக் கட்சியே தொடங்காமல் சங்கத்தோடு நின்றிருந்தால் அவர் பலம் இன்னும் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "சட்டசபைக்குள்ள நம்மாளு இல்லாம எத்தன நாளைக்கு ரோட்டுலயே நிக்கறது?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

1984 டிசம்பர் 21 அன்று, சுற்றுப்பயணத்தில் இருந்தபோதே கோவில்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது. சிறு விவசாயிகளுக்கு அதே ஆண்டில் இலவச மின்சாரம் கிடைத்திருந்தது. எல்லா விவசாயிகளுக்கும் அது வந்தது 1990இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வையம்பாளையமும் பெருமாநல்லூரும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய தூரம்தான். அவர் நினைவு நாளான டிசம்பர் 21 அன்று போனால் இன்னும் நல்லது. 1972இல் மாட்டு வண்டிகளில் வந்தவர்களில் மிச்சமிருக்கும் சிலரை அன்றைக்குச் சந்திக்க வாய்ப்பு உண்டு. உட்கார்ந்து கேளுங்கள், ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் எழுபது எண்பது வயதாகிவிட்டது.