நம்பியாறு: மலையில் சாரல், முகத்துவாரத்தில் மணல்

திருநெல்வேலி மாவட்டத்து நம்பியாற்றை மலையிலிருந்து கடல்வரை பார்த்துவிட்டு வந்தேன். முதலில் ஜீப் விவகாரம். திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்கு 1,500 ரூபாய் கேட்டார் டிரைவர். “இவ்வளவு கிட்டத்துக்கா அண்ணாச்சி?” என்றேன். “ரோட்டப் பாத்துட்டு வந்து பேசுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதை கரடுமுரடுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் தனியாக வருகிறவனிடம் இப்படியா கறப்பது? ஆள் சேரும்வரை காத்திருந்து பங்கு ஜீப்பில் 200 ரூபாய்க்குப் போனேன். நீங்களும் அப்படியே போங்கள்.

ஆனால் மேலே போனதும் கோபமெல்லாம் போச்சு! களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக் காடு, ஆனிச் சாரல், கோயிலை ஒட்டிப் பாறைகளுக்கிடையில் இறங்கும் ஆறு. கால் வைத்தால் எலும்புவரை சில்லிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் 1,000 மீட்டருக்கு மேலே பிறக்கும் இந்த ஆறு, ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் மன்னார் வளைகுடாவைத் தொட்டுவிடுகிறது. மலை, சமவெளி, தேரி எனப்படும் செம்மணல் மேடு, கடல் எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம். இதைவிட என்ன வேண்டும்?

கீழே இறங்கியதும் ஆளே மாறிவிடுகிறது ஆறு. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ள, இந்தப் பக்கம் வருவது காற்று மட்டும்தான். வருகிற கொஞ்சத் தண்ணீரையும் அணைக்கட்டுகளும் குளங்களும் வாங்கிக்கொள்கின்றன. ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே வெறும் மணலும் உடைமரமும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டினால்தான் வெள்ளம். 2025-ல் திறந்த தாமிரபரணி வெள்ளநீர்க் கால்வாய் இங்கேயும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திசையன்விளை தாண்டியதும் பதநீர்! பனையோலைப் பட்டையில், நுங்கு போட்டு. மொத்தப் பயணத்திலும் காசு கொடுத்ததற்கு வருத்தப்படாத இடம் இதுதான். சுற்றிலும் இரும்புச்சத்தால் சிவந்த தேரிமணல், கண்ணுக்கெட்டியவரை பனை.

ஆத்தங்கரை பள்ளிவாசலில்தான் முகத்துவாரம். தர்காவுக்கு வருகிறவர்கள் அதிகம், ஆற்றைப் பார்க்க வந்தது நான் ஒருவன்தான் போல. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடு வாயை அடைத்திருக்க, உள்ளே நீர் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. வெள்ளம் வந்தால் மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். அதைப் பார்க்கக் கார்த்திகையில் மறுபடி போகப்போகிறேன். போகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். விட்டால் ஆட்டோதான், அங்கேயும் பேரம்தான்.