அடுத்தவர் கணினியில் நம் லினக்ஸ்: வந்த சுவடு தெரியாமல் போவது எப்படி

தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டர், கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி லேப், ஓசூரில் நாலு பேர் தங்கும் அறையில் ஒரே ஒரு டெஸ்க்டாப். பலர் கை படும் கணினியில் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினால் அந்தக் கணினியின் விண்டோஸ் எழும்பாது. அதில் ஒளிந்திருக்கும் வைரஸும் சேர்ந்து தூங்கும். ஏற்றுவது பெரிய வித்தையில்லை. திண்ணையில் படுத்தவர் விடிவதற்குள் பாயைச் சுருட்டுவது போல, கணினியை இருந்தபடியே விட்டுவிட்டுப் போவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்ப்பதும், பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டு வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. அவருடைய பில்லிங் மென்பொருள் விண்டோஸில் ஓடுகிறது. நீங்கள் லினக்ஸுக்குப் போனால் அவருக்குக் கணக்கும் இல்லை, பதிவும் இல்லை. அனுமதி இல்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு வரை இழுக்கலாம்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும், ஆனால் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கட்டும். லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், அது கெடாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்த்துவிட்டு, ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். எழுதும் முன் ஐஎஸ்ஓ முறையா (கோப்புகளைப் பிரித்துப் போடுவது), டிடி முறையா (அப்படியே நகலெடுப்பது) என்று அது கேட்கும். பொதுக் கணினிக்கு டிடி முறைதான் என் தேர்வு. ஐஎஸ்ஓ முறையில் பென்டிரைவ் விண்டோஸ் எழுதக்கூடிய சாதாரண ஃபேட்32 வடிவம் ஆகிவிடும். ஜெராக்ஸ் கடை கணினியில் ஒருமுறை செருகினாலே ஷார்ட்கட் வைரஸ் ஏறிக்கொள்ளும். டிடி முறையில் எழுதிய லினக்ஸ் பகுதியில் விண்டோஸால் கோப்பு எதையும் போட முடியாது. ஒரே தொல்லை, சில கணினிகளில் 'டிஸ்கை ஃபார்மேட் செய்யவா?' என்று பெட்டி வரும். யாராவது சரி என்று தட்டிவிட்டால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

எந்த லினக்ஸ்? 4 ஜிபி ரேமும் அதற்கு மேலும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி. இப்படி நிறுவாமலே ஓட்டும் லைவ் முறையில் நீங்கள் இறக்கும் கோப்பு டிஸ்கில் அல்ல, ரேமில்தான் உட்காரும். 4 ஜிபி கணினியில் ஒரு ஜிபி வீடியோவை இறக்கிவிட்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எல்லாம் உறைந்துவிடும். இறக்குவதை நேராக இரண்டாவது பென்டிரைவுக்கு அனுப்புங்கள். அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பெர்சிஸ்டன்ஸ் வசதியை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. மலிவான பென்டிரைவில் அது பிரவுசரை ஆமையாக்கும். கரண்ட் போனால் கோப்பு கெடலாம். கடவுச்சொல் பூட்டு இல்லாத சேமிப்பு என்றால், டவுன் பஸ்ஸில் தொலைத்த பென்டிரைவோடு உங்கள் லாகின்களும் போகும். டெயில்ஸ் என்ற லினக்ஸ் சேமிப்பைப் பூட்டியே வைக்கும், நல்லதுதான். ஆனால் அது அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பு வழியாக மட்டுமே வெளியே போகும், பல வங்கி, அரசுத் தளங்கள் டாரில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை.

கணினியை ஆன் செய்ததும் ஒரு விசையைத் தட்டினால், எதிலிருந்து ஏற்றுவது என்று கேட்கும் பூட் மெனு வரும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த டெல் பெட்டி என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் போர்டு என்றால் எஃப்8. ஏசரில் எஃப்12 மெனு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அணைந்திருக்கும், அதனால் தட்டித் தட்டிக் களைப்பார்கள். விண்டோஸ் 10, 11-இல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் போகலாம். டெஸ்க்டாப்பில் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டின் ஒயர் தளர்ந்திருந்தால் ஏறும்போதே பாதியில் நின்றுவிடும்.

பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது, கையொப்பமுள்ளதை மட்டும் ஏறவிடும் 'செக்யூர் பூட்' காவலை அணைப்பது. அடுத்தவர் கணினியில் அதைத் தொடவே கூடாது. அந்த விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் பொதுவாக இந்தச் சிக்கல் வராது, அமைப்பை மாற்றுவதுதான் வினை. ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைக்க உதவும் வென்டாயும் இங்கே ஒத்துவராது: செக்யூர் பூட் உள்ள கணினியில் அது முதலில் ஒரு சாவியைப் பதியச் சொல்லும், அந்தச் சாவி மதர்போர்டின் நினைவகத்தில் தங்கிவிடும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகியவை கையொப்பத்தோடு வருவதால் சாவி பதியாமலே ஏறும். பழைய ஐஎஸ்ஓ மட்டும் வேண்டாம். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, லினக்ஸை ஏற்றிவிடும் பழைய பூட்லோடர்கள் பல 'எஸ்பிஏடி' என்ற பாதுகாப்புச் சோதனையில் பிழை காட்டி நின்றுவிடுகின்றன.

உள்ளே போனதும், இணையத்தில் இணைவதற்கு முன்பே, அமைப்புகளில் தானியங்கி நேரத்தை அணையுங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை வைத்திருக்கும். லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். நெட் வந்ததும் லினக்ஸ் தன் நேரத்தைத் திருத்தி, சில நிமிடங்களில் கடிகாரத்திலும் எழுதிவிடும். பிறகு விண்டோஸைத் திறந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பிரவுசிங் சென்டரில் பில் மணிக்கணக்கில்தானே, அன்றைய கணக்கு முழுக்கக் குழம்பும்.

கோப்பு மேலாளரில் விண்டோஸ் டிரைவ் தெரியும், சொடுக்காதீர்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அந்த டிரைவைப் பாதி உறங்கிய நிலையில் விட்டிருக்கும். வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்து (திறந்து இணைத்து) எழுதினால் கோப்புகள் கெடும். கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பிட்லாக்கர் இல்லையென்றால், பென்டிரைவோடு வருகிற யார் வேண்டுமானாலும் உங்கள் சி டிரைவ் முழுவதையும் படிக்கலாம். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, யுஎஸ்பியிலிருந்து பூட் ஆவதை அடைத்து, கேபினெட்டையும் பூட்டுங்கள்.

தமிழில் தட்டச்ச, விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட்99 ஏற்கெனவே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தானாக விழாது. வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு அந்த எழுத்துரு இல்லாமல் கந்தலாகத்தான் தெரியும். பிரின்ட்டில் முட்டிக்கொள்ளாதீர்கள். கடைகளில் அதிகம் இருக்கும் கேனன் எல்பிபி 2900, எச்பி 1020 இரண்டுக்கும் தனி டிரைவர் வேலை உண்டு. பிடிஎஃப் ஆக்கி, கடைக்காரரின் விண்டோஸிலிருந்து எடுப்பதே மேல்.

கீபோர்டு ஒயருக்கும் சிபியுவுக்கும் நடுவே, தட்டுவதையெல்லாம் பதிந்துகொள்ளும் கீலாகர் கருவி செருகியிருந்தால் லினக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. செருகும் இடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கடவுச்சொல்லைத் திரை விசைப்பலகையில் சொடுக்குங்கள்.

முடித்ததும் பென்டிரைவைப் பிடுங்காமல் முறையாக ஷட்டவுன் கொடுங்கள். கடைசியில் கறுப்புத் திரையில், பென்டிரைவை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொல்லி ஒரு வரி வரும். அதைப் பார்க்காமல் எழுந்து போனால் அடுத்து வருகிறவர் கணினி கெட்டுவிட்டது என்று நினைப்பார். எண்டர் தட்டி, மறுபடி ஆன் செய்து, விண்டோஸ் வரும்வரை நின்று வலது மூலையில் மணியைப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் குறைந்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லித் திருத்திவிட்டுக் காசு கொடுங்கள்.