சாப்பாட்டுப் பாக்கி

2024 செப்டம்பர் 9, திங்கள்

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கல்லாவுக்கு உட்கார்ந்து இன்றோடு எட்டு நாள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சின்ன ஊர், ஐந்தாம் வகுப்புவரை உள்ள பள்ளி. பிள்ளைகள் தட்டோடு வந்து தங்கள் எண்ணை அழுத்துவார்கள். என் திரையில் பெயரும் இருப்பும் வரும். பாக்கி என்றால் சிவப்பில் வரும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். போன வருஷத்தையும் சேர்த்து 53 டாலர் 55 சென்ட் பாக்கி. 50 டாலரைத் தாண்டினால் எங்கள் பள்ளி மாவட்டத்தில், அதாவது வட்டாரப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பில், சூடான சாப்பாடு கிடையாது. ஒரு காகிதப் பைதான்: சீஸ் சாண்ட்விச், ஆப்பிள், பால். இன்று அவனிடம் அந்தப் பையை நீட்டினேன். "எனக்குப் பசிக்கலை" என்று சொல்லிவிட்டு வாங்காமலே போனான். அவன் நண்பர்கள் எல்லோரும் சிக்கன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பை என்னவென்று அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. திருமங்கலம் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரிசையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். சோறு குழைந்திருக்கும், சாம்பார் தண்ணியாக இருக்கும். ஆனால் ஆயாம்மா கரண்டியைச் சாய்க்கும் முன் யாரிடமும் கணக்குக் கேட்டதில்லை.

செப்டம்பர் 11, புதன்

எங்கள் சமையலறைத் தலைவிக்கு அறுபது வயது இருக்கும். இந்த வேலையில் பத்தொன்பது வருஷம். இன்று மணி அடிக்கும் முன் என் பக்கம் வந்து ஐந்து டாலர் நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். "ஹனி, அந்தப் பையன் கணக்குல இதைப் போடு."

நான் போட்டேன். பாக்கி 48.55 ஆனது. ஐம்பதுக்குக் கீழே, அதனால் இன்று அவனுக்குச் சூடான சாப்பாடு. சாப்பாடு 3.15. சாப்பிட்டதும் பாக்கி 51.70. நாளைக்கு மறுபடியும் பைதான், யாராவது இரண்டு டாலர் வைக்காவிட்டால்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கை அவர் தினமும் எழுதிவைக்கிறார். எந்தப் பிள்ளை ஐம்பதை நெருங்குகிறது, யாருக்கு எத்தனை டாலர் போட்டால் இன்றைக்குத் தாண்டாது என்று. மணிக்கணக்குக் கூலி வாங்குகிற ஒரு பெண்மணி, தன் கூலியிலிருந்து.

செப்டம்பர் 20, வெள்ளி

பையனின் அம்மா அலுவலகத்துக்கு வந்திருந்தாள், கையில் பத்து டாலர். சரக்குக் கிடங்கில் இரவு வேலை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இலவசச் சாப்பாட்டுக்கு விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டேன். போட்டாளாம், தள்ளிவிட்டார்களாம்.

இந்த வருஷம் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு, குறைந்த விலைச் சாப்பாடாவது கிடைக்க, வருமான வரம்பு 57,720 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் வந்தாலும் முழு விலை. புருஷனும் பெஞ்சாதியும் இரண்டு ஷிப்ட் பார்த்தால் தாண்டிவிடும். வாடகையும் கார் கடனும் மருத்துவக் காப்பீடும் போக என்ன மிஞ்சுகிறது என்று அந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் கேட்காது. "ஓவர்டைம் வேண்டாம்னு சொன்னா ஷிப்டையே குறைச்சுடறாங்க" என்றாள்.

2020 மார்ச்சிலிருந்து 2022 கோடைவரை, கோவிட் காலத்தில், இந்த நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே சாப்பாடு போட முடிந்தது. நாடாளுமன்றம் அதை நீட்டிக்காமல் விட்டதும் பாக்கிக் கணக்கு திரும்பி வந்தது. முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. முடிந்ததுதானே!

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று கோபத்தோடு எழுதுகிறேன். அந்தப் பையனின் அம்மா இத்தனை நாளும் பெரும்பாலும் போன் செயலி வழியாகத்தான் பணம் போட்டிருக்கிறாள். கையில் மிஞ்சும்போது ஐந்து, பத்து என்று. ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டண நிறுவனம் இரண்டு டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து டாலர் போட்டால் பாதி அங்கேயே போய்விடும். நூறு டாலரை மொத்தமாகப் போடுகிற வீட்டுக்கும் அதே கட்டணம். இல்லாதவரிடம்தான் அதிகம் பிடுங்குகிறார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. போன ஜூலையில் அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் இதையே அறிக்கையாக வெளியிட்டது. குறைந்த வருமானக் குடும்பங்கள் சில, ஒரு டாலர் சாப்பாட்டுக்கு 60 சென்ட் வரை கட்டணம் கட்டுகிறார்களாம்.

பள்ளியில் நேரே பணம் கட்டினால் கட்டணம் கிடையாது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். அலுவலகத்தில் இருக்கிற இளம்பெண் உடனே ஒரு அட்டையில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

மதியம் கூட்டம் குறைந்த பிறகு தலைவி ஃபிலாண்டோ காஸ்டீல் பற்றிச் சொன்னார். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், எங்களைப் போலவே பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பிட்டால் ஒத்துக்காது என்பது அவருக்கு மனப்பாடம். காசில்லாத பிள்ளைகளுக்குத் தன் பையிலிருந்து கட்டுவார். 2016 ஜூலை 6 அன்று அவர் காரைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, அதே இடத்தில் சுட்டுக் கொன்றார். அடுத்த வருஷம் அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார்.

பிறகு அவர் பெயரில் மக்கள் பணம் சேர்த்து செயின்ட் பால் பள்ளிகளின் சாப்பாட்டுப் பாக்கி முழுவதையும் அடைத்தார்கள். 2019-ல் அவருடைய அம்மா இன்னொரு பள்ளிக்கு 8,000 டாலர் கொடுத்தார். மகனைப் பறிகொடுத்தவர், மற்றவர் பிள்ளைகளின் பாக்கியைக் கட்டுகிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 2023-ல் மினசோட்டா, பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு இலவசம் என்று சட்டமே போட்டுவிட்டது.

"எங்க நோட்டுக்கும் அப்படி ஒரு நாள் வரணும்" என்றார் தலைவி, அந்தச் சின்னப் புத்தகத்தைத் தட்டிக்காட்டி. அவர் இரக்கத்தைப் பார்த்து எனக்கு மனம் நிறைகிறது. அதே நேரம், ஒரு குழந்தை மதியம் சாப்பிட இந்த அம்மாளின் பர்ஸை நம்பியிருக்கும்படி விட்டிருக்கிறார்களே என்று வயிறும் எரிகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் வந்தார். பெயர் வெளியே தெரியக்கூடாது என்று சொல்லி, எங்கள் பள்ளியின் பாக்கி முழுவதுக்கும் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "நானும் ஒரு காலத்துல அந்தப் பையை வாங்கினவன்தான்" என்றாராம்.

இப்படி நீட்டிய கையைத் தட்டிவிட்டவர்களும் உண்டு. 2019-ல் இதே மாநிலத்தில் வயோமிங் வேலி வெஸ்ட் பள்ளி மாவட்டம், சாப்பாட்டுப் பாக்கி கட்டாவிட்டால் பிள்ளைகளை வளர்ப்பு இல்லத்துக்கு அனுப்பவும் நேரலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியது. ஒரு காபி நிறுவனத் தலைவர் சுமார் 22,000 டாலர் பாக்கியையும் தானே கட்டுகிறேன் என்றபோது, முதலில் வேண்டாம் என்றார்கள். நாடே ஏசிய பிறகுதான் மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த தாய்மார் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்கள்?

எங்கள் பள்ளியில் இன்று திரையில் ஒரு சிவப்புகூட இல்லை. காகிதப் பைகளை எடுத்து அலமாரியில் பூட்டினோம். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்காக வான்கோழியும் உருளைக்கிழங்கு மசியலும். மூன்றாம் வகுப்புப் பையன் சாஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டான். தலைவி இரண்டு கரண்டி ஊற்றினார்.

டிசம்பர் 4, புதன்

விடுமுறை முடிந்து இரண்டாம் நாள். நேற்றே அவன் கணக்கில் 3.15 சிவப்பாகிவிட்டது, இன்று 6.30.

ஐம்பது தாண்ட இன்னும் நாள் இருக்கிறது, சூடான சாப்பாடு உண்டு. அவன் எண்ணை அழுத்திவிட்டுத் தட்டோடு நகராமல் நின்றான். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தான். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "போப்பா, ஆறிடும்" என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. அவனுக்குப் புரிந்திருக்காது.

"அம்மா வெள்ளிக்கிழமை தருவாங்க" என்றான். எட்டு வயசு.