லூசியானாவுக்கு மாற்றலான ராணுவக் குடும்பம்: கார் காப்பீட்டை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜன்டாகப் பணிபுரிகிறார். வெளிநாட்டவரின் மொழித் திறன் போன்றவற்றுக்காக அவர்களைப் படையில் சேர்க்க 2009ஆம் ஆண்டில் செயல்பாட்டுக்கு வந்த மாவ்னி திட்டத்தில், படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்ததால், கிரீன் கார்டு இல்லாமலேயே ராணுவத்தில் சேர்ந்து குடியுரிமை பெற்றவர்களில் அவரும் ஒருவர். டெக்சஸின் ஃபோர்ட் ஹூட்டிலிருந்து லூசியானாவின் ஃபோர்ட் போல்க்குக்கு நாங்கள் மாற்றலாகி வந்தபோது, இரண்டு கார்களுக்கும் காப்பீட்டைப் புதிதாகத் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இதே நிலையில் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், அப்போது தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

ராணுவத்தினருக்கு இத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற விளம்பரங்களைப் பார்த்தால், பெரிய எண்ணின் பக்கமே மனம் சாயும். ஆனால் அந்தத் தள்ளுபடி எந்தத் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாகனக் காப்பீட்டுக் கட்டணம் மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் லூசியானாவும் ஒன்று. சென்னையில் நான் பல ஆண்டுகள் கார் ஓட்டியிருந்தும், நான் விசாரித்த நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை; அமெரிக்க உரிமம் கிடைத்த நாளிலிருந்துதான் என் அனுபவம் தொடங்குவதாகக் கொண்டார்கள். இங்கே கிரெடிட் ஸ்கோரும் பிரீமியத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்பதால், புதிதாகக் குடியேறியவர்களுக்கு அதிலும் சுமை கூடுகிறது. இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாக எடைபோடுவதால், அதிகத் தள்ளுபடி தந்த நிறுவனத்தைவிடக் குறைவாகத் தந்த நிறுவனத்தில் இறுதித் தொகை குறைந்திருந்ததைக் கண்டேன்.

ராணுவக் குடும்பங்கள் முதலில் சொல்லும் பெயர் யுஎஸ்ஏஏ. 1922இல் சான் அன்டோனியோவில் 25 ராணுவ அதிகாரிகள் ஒருவர் காரை மற்றவர் காப்பீடு செய்வது என்று முடிவெடுத்துத் தொடங்கிய அமைப்பு அது; அதிகாரி அல்லாத படைவீரர்களுக்கு 1996இல்தான் கதவு திறந்தது. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உறுப்பினராகும் தகுதி உண்டு. ராணுவத் தளத்துக்குள் காரை நிறுத்துபவர்களுக்கு யுஎஸ்ஏஏவில் 15 சதவீதம் வரை சலுகை உண்டு என்றாலும், அது திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், ரிசர்வ் படையினர் ஆகியோருக்குக் கைக்கோ நிறுவனம் 15 சதவீதம் வரை தருகிறது. ஆபத்தான பகுதிகளுக்கு அனுப்பப்படுபவர்களுக்கு அந்த நிறுவனத்தில் தனிச் சலுகையும் உண்டு. 1887இலிருந்து இயங்கும் ஆர்ம்டு ஃபோர்ஸஸ் இன்ஷூரன்ஸையும் விசாரித்து வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கைகொடுத்தது லூசியானாவின் மாநிலச் சட்டம். அங்கே பணியமர்த்தப்பட்டுள்ள முழுநேரப் படைவீரரின் வாகனக் காப்பீட்டில் 25 சதவீதம் குறைக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. குறைத்த தொகையை நிறுவனங்கள் மாநிலத்துக்குச் செலுத்தும் வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். ஆகவே இது எந்த நிறுவனத்தின் தாராளமும் அன்று, நாம் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டியது. அப்படியிருந்தும் ஒரு நிறுவனத்தின் முகவர் நான் கேட்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. மாற்றல் உத்தரவையும் எல்இஎஸ் எனப்படும் சம்பளச் சீட்டையும் அனுப்பிய பிறகு திருத்திய தொகை வந்தது. ராணுவத்தினர் சொந்த மாநிலத்தின் நம்பர் பிளேட்டையே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தாலும், கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பிரீமியம் போடப்படுகிறது; அதனால் பிளேட் டெக்சஸுடையதாக இருந்தாலும் லூசியானா முகவரியைத்தான் நாங்கள் கொடுத்தோம்.

நிறுவனங்களிடமிருந்து வந்த கட்டண மதிப்பீடுகளை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் அடுத்தடுத்துப் பரப்பி, வரி வரியாக ஒப்பிட்டேன். மிகக் குறைந்த தொகை காட்டிய தாளில், பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்குமான லயபிலிட்டி, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவிலேயே இருந்தது: ஒருவரின் காயத்துக்கு 15,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 30,000, பொருள் சேதத்துக்கு 25,000. ஒரு புதிய பிக்கப் டிரக்கை இடித்துவிட்டால் 25,000 எந்த மூலைக்கு? விபத்தில் நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய டிடக்டிபிள், மற்ற தாள்களில் 500ஆகவும் இதில் 1,000ஆகவும் இருந்தது. கூடவே, காப்பீடு இல்லாத ஓட்டுநர் நம்மை மோதினால் கிடைக்கும் பாதுகாப்பு வேண்டாம் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடும் படிவமும் இணைக்கப்பட்டிருந்தது. லூசியானாவில் அந்தப் பாதுகாப்பு பாலிசியோடு தானாகவே வரும். நாம் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் நீங்கும். நான் கையெழுத்திட மறுத்து, எல்லா நிறுவனங்களிடமும் ஒரே அளவில் மறுமதிப்பீடு கேட்டபோது, விலை வரிசையே மாறிப்போனது.

என் கணவர் வெளிநாட்டுப் பணிக்குப் புறப்பட்டபோது ஒரு காரை ஓட்டாமல் நிறுத்திவைக்க முடிவு செய்தோம். அப்படி நிறுத்தும் காருக்கு யுஎஸ்ஏஏ 60 சதவீதம் வரை குறைக்கிறது. லயபிலிட்டியையும் மோதல் சேதத்துக்கான பகுதியையும் எடுத்துவிட்டு, காம்ப்ரிஹென்சிவை மட்டும் வைத்திருப்பது வழக்கம். பாலிசியை முழுவதும் ரத்து செய்தால், இடைவெளி விழுந்துவிட்டது என்று பின்னர் பிரீமியம் ஏறும். கார் லோன் பாக்கியிருந்தால் வங்கி இதற்கு ஒப்புக்கொள்ளாது என்பதால், லோன் அடைத்து முடித்த பழைய காரையே நிறுத்தினோம். மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவானதும் நிறுவனங்கள் புதிதாக காம்ப்ரிஹென்சிவ் எழுதுவதை நிறுத்திவிடும் என்பதால், ஜூன் மாதம் புயல் பருவம் தொடங்குவதற்கு முன்பே இந்த மாற்றங்களை எல்லாம் எழுத்தில் வாங்கிவிட்டேன்.