இரண்டு பேட்டரி, ஒரு போல்ட்

ஏப்ரல் 28

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம். பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. 61 நாளும் மற்றவர்களுக்கு ஓய்வு, எனக்குச் சீசன். ஜூன் 14 ராத்திரிக்குள் எல்லாருக்கும் வயரிங் முடித்துத் தரவேண்டும்.

இதற்கு நடுவே அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று வருஷமாக விமானம் கட்டுகிறான். பொம்மை இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற அலுமினிய விமானம். உதிரிபாகம் பெட்டி பெட்டியாக வரும். ரிவிட் அடித்துச் சேர்ப்பது இவன் பாடு. பெரும்பகுதியைச் சொந்தக் கையால் செய்திருந்தால்தான் அந்த நாட்டு விதி அதை வீட்டில் கட்டிய விமானம் என்று ஏற்குமாம். அக்காவுக்கு இதில் பாதிதான் தெரியும். கட்டுகிறான் என்று தெரியும், ஏறி ஓட்டப்போகிறான் என்று தெரியாது.

ஏப்ரல் 30

கடைக்கு வந்து விமானத்தின் வயரிங் படத்தை விரித்தான். "பேக்கப் லைன் சரியா இருக்கா பாருங்க மாமா." எனக்குப் படகும் லாரியும்தான் தெரியும் என்றேன். "இதுவும் 12 வோல்ட்தான் மாமா."

பழைய விமானங்கள் பலவற்றில் அடிவானம் காட்டும் கருவி, இன்ஜினோடு ஓடும் வேக்குவம் பம்பால் சுற்றும். கரண்ட் போனாலும் அது நிற்காது. இவனுடையதில் உயரம், வேகம், இறக்கை எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாமே இரண்டு திரையில். கரண்ட் போனால் மொத்தமும் கறுத்துவிடும். மேகத்துக்குள் அப்படி ஆனால் நேராகத்தான் போகிறோம் என்று உள்காது பொய் சொல்லுமாம். இது எனக்கு உடனே புரிந்தது. மப்பு போட்ட ராத்திரியில் கரை இந்தப் பக்கம்தான் என்று அடித்துச் சொல்லி, கடலுக்குள் படகை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் திரைக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி. படம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 3

"செல்ஃப் அடிச்சா ஜிபிஎஸ் அணைஞ்சுடுதுண்ணே" என்று ஒரு படகுக்காரர் வந்தார். வெட்கக்கேடு என்னவென்றால், போன தடைக்காலத்தில் அதற்காகவே இரண்டாவது பேட்டரி வைத்துக் கொடுத்தவன் நான்தான். இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் இருட்டில் இன்ஜினை நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது ஜிபிஎஸ் கண்ணை மூடினால் சும்மா விடுகிற விஷயமா?

மாப்பிள்ளையையும் கூட்டிப் போனேன். செல்ஃப் அடிக்கும்போது பெரிய பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 8.9க்கு விழுந்தது. அது வழக்கம்தான், ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும். சின்ன பேட்டரி 12.5இல் அசையாமல் நின்றது. ஆனாலும் ஜிபிஎஸ் அணைந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்தோம், மூன்று தடவையும் அதே கதை.

மீட்டரின் ஒரு கம்பியைப் பெரிய பேட்டரி நெகட்டிவ்விலும், இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைக்கச் சொன்னான். சும்மா இருக்கும்போது பூஜ்யம். செல்ஃப் அடித்ததும் 2.8 வோல்ட். இரண்டும் ஒரே எர்த் என்றுதானே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்! எர்த் கேபிள் போல்ட்டைக் கழற்றினால் கேபிள் முனையில் இருக்கும் லக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்டார்ட்டர் கரண்ட் அத்தனையும் அந்தக் களிம்பு வழியாகத் திரும்பும்போது இன்ஜின் உடம்பு 2.8 வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. சின்ன பேட்டரியின் நெகட்டிவ்வைப் பெரிய பேட்டரியோடு சேர்த்திருந்தேன். ஜிபிஎஸ் நெகட்டிவ்வையோ இன்ஜின் உடம்பில் கொடுத்திருந்தேன். ஆக 12.5இல் 2.8 போக, ஜிபிஎஸ்ஸுக்கு மிஞ்சியது 9.7. பத்துக்குக் கீழே அது ஓடாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கியதும் 0.2. அதோடு விடாமல், ஜிபிஎஸ் நெகட்டிவ்வைச் சின்ன பேட்டரிக்கே நேராக இழுத்துவிட்டேன். இந்தக் காற்றுக்குக் களிம்பு மறுபடி வரத்தான் செய்யும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோக அரிப்பைச் சோதிக்கப் பக்கத்து ஊரான மண்டபத்தைத் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை. படகுக்காரரிடம் காசு வாங்கவில்லை.

மே 4

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அந்தப் படத்தை மறுபடி விரிக்கச் சொன்னேன். பெரிய பேட்டரி, சின்ன பேட்டரி, இரண்டு திரை, ரேடியோ எல்லாவற்றின் நெகட்டிவ்வும் இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தகட்டில், ஒரே ஒரு பித்தளை போல்ட்டில் போய் முடிகிறது.

"எர்த்தை ஒரே இடத்துல சேர்த்தாத்தான் ரேடியோல இரைச்சல் வராது மாமா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"வரட்டும், வராமப் போகட்டும். அந்த போல்ட் லூசானா உன் ரெண்டாவது பேட்டரி எந்த வழியா வேலை செய்யும்?"

சாயங்காலம் வரை வாக்குவாதம். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். பித்தளை போல்ட் இருந்த இடத்தில் இருக்கட்டும். சின்ன பேட்டரியின் நெகட்டிவ்வையும் ஒரு திரையின் நெகட்டிவ்வையும் முதலில் திரைக்குப் பின்னாலேயே சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஒரே கம்பியைப் போல்ட்டுக்கு இழுப்பது. போல்ட் கழன்றாலும் அந்தத் திரையின் சுற்று அறுபடாது. இது எனக்குத் தோன்றவில்லை.

மே 8

டையோடு. சின்ன பேட்டரியின் கரண்ட் ஸ்டார்ட்டர் பக்கம் பின்னோக்கி ஓடாமல் இருக்க நடுவில் ஒன்று போட்டிருக்கிறான், நல்லது. ஆனால் சார்ஜ் ஏறுவதும் அதே டையோடு வழியாகத்தான். சாதா டையோடு 0.7 வோல்ட்டைத் தின்னும். டைனமோ 14.2 கொடுத்தால் சின்ன பேட்டரிக்குப் போவது 13.5. ஈய பேட்டரி அதில் வயிறு நிறையாது, அரைப் பட்டினியிலேயே ஆயுசு முடியும். ஷாட்கி டையோடு என்றால் சுமார் 0.4தான் போகும். சார்ஜுக்கு மட்டும் தனி ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச், வைத்துக்கொள் என்றேன். எழுதிக்கொண்டான்.

மே 11

ஞாயிறு. கடை மூடியபின் பல்பு சோதனை. அவன் கணக்குப்படி ஒரு திரையும் ரேடியோவும் சேர்ந்து 3 ஆம்பியர். 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று வகுத்து வைத்திருந்தான். டைனமோ செத்தாலும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவானாம். பேட்டரி மேல் எழுதியிருக்கும் 7 என்பது இருபது மணி நேரம் மெதுவாக இழுத்தால் வருவது. அவசரமாக இழுத்தால் அவ்வளவு தராது.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு இரண்டு, சுமார் மூன்றரை ஆம்பியர். புது பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க 1 மணி 17 நிமிஷம். யுபிஎஸ்ஸில் இரண்டு வருஷம் கிடந்ததை மாட்டினோம். மீட்டரில் 12.7 காட்டிய அதே பேட்டரி 24 நிமிஷத்தில் படுத்துவிட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பல்பு மாட்டி நேரம் பார்ப்பது என்று படத்தின் ஓரத்தில் எழுதினான். பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் பேக்கப் சுவிட்சை மட்டும் முதலில் போட்டுத் திரை எரிகிறதா என்று பார்ப்பது, 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரிவது, இரண்டையும் சேர்த்துக்கொண்டான். டைனமோ செத்தது தெரியாமல் பேட்டரியில் பறந்தால் பேக்கப் இருந்து என்ன பயன்?

மே 19

ரயிலேற்றிவிட ராமேஸ்வரம் ஸ்டேஷன் போனோம். பையில் கருவாடு ஒரு பொட்டலம், வெள்ளீயம் பூசிய லக்கு ஐம்பது. அங்கே கிடைக்காததா என்று கேட்டால், இருக்கட்டும் மாமா என்கிறான்.

அக்கா ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன்டா, அந்த டிவிக்கு எதுக்கு ரெண்டு பேட்டரி?" என்றது.

"கரண்ட் போனாலும் எரியணும்ல அம்மா."

"அமெரிக்காவுலயுமா போகும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன்.