எம்.பி.பி.எஸ். மேலேயா, பி.டி.எஸ். மேலேயா: சாய்ஸ் பட்டியலைப் பூட்டும் முன்

நீட் ரேங்க் வந்த அன்று சாயங்காலமே சேலத்து வீடுகளில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். "பல்லு டாக்டருக்கா போறே? இன்னொரு வருஷம் படிச்சு எம்.பி.பி.எஸ்.ஸே வாங்கிடு" என்று மாமா ஒரு பக்கம். "கெடைச்சதை விட்டுட்டு நிக்காத சாமி" என்று அப்பத்தா இன்னொரு பக்கம். இந்தப் பேச்சில் எதுவும் முடிவாகாது. முடிவாகிற இடம், கவுன்சலிங்கில் நமக்கு வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடுகிற சாய்ஸ் பட்டியல். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டுக்கு இரண்டு படிப்புக்கும் ஒரே விண்ணப்பம்தான். நடத்துவது கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக்குழு. எந்த வரிக்கு மேல் எந்த வரியை வைக்கிறோம் என்பதுதான் டாக்டரா, பல் டாக்டரா என்கிற கேள்விக்கு நாம் எழுதும் பதில். அந்தப் பதிலைப் பலர் கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, சைட் திணறும்போது எழுதுகிறார்கள்.

கம்ப்யூட்டர் செய்வது மிகச் சாதாரண வேலை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து படிக்கும். காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால் "இது கிடைக்காது, எதுக்குப் போடணும்" என்று நல்ல இடத்தை விடுவதும் தப்பு. "சும்மா இருக்கட்டும்" என்று வேண்டாத இடத்தை மேலே வைப்பதும் தப்பு. இரண்டாவது ரவுண்டில் இது இன்னும் கடிக்கும். முதல் ரவுண்டில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு மேல்மாற்றத்துக்குப் பட்டியல் கொடுத்தால், புது இடம் கிடைத்த கணமே பழைய இடம் தானாக ரத்தாகி அடுத்த ஆளுக்குப் போய்விடும். "பழையதே போதும் சார்" என்று திரும்பி வர வழி இல்லை. கையில் இருக்கும் இடத்தைவிட உண்மையாகவே நல்லது என்று நினைக்கிறதை மட்டும் அந்தப் பட்டியலில் வையுங்கள்.

பட்டியலின் தலையில் குழப்பமே கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் வரிசையாக மேலே போய்விடும். ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் இருக்கிற நம்மூர் மோகன் குமாரமங்கலம் கல்லூரியை முதலில் வைப்பதா, கோவையை வைப்பதா என்பது வீட்டுச் சண்டை, அவ்வளவுதான். நிஜமான முடிச்சு விழுவது அதற்கு அடுத்த வரியில். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மேலேயா, சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். மேலேயா? முன்னதில் கட்டணம் வருடத்துக்கு ஆயிரங்களில் நிற்கும், பின்னது லட்சங்களில். அதே சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு என்றால் அதற்கும் பல மடங்கு. நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, ஆனால் அதுவும் கவுன்சலிங் வழியாகத்தான். "டொனேஷன் கட்டினா நேரா வாங்கித் தர்றேன்" என்று புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுகிற ஏஜென்ட்டிடம் வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கணக்கே வேறு. 2020இல் வந்த சட்டப்படியான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் உண்டு, பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. சுயநிதிக் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆகவே அவர்கள் பணத்துக்குப் பயந்து வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த ஒதுக்கீட்டின் பலனையே விட்ட மாதிரி.

சேலத்துக்காரர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சங்ககிரி ரோட்டில் அரியானூர், சீரகாபாடி பக்கம் கல்லூரிகள் கிட்டத்தட்ட அடுத்தடுத்து நிற்கும். பஸ்ஸில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆனால் அன்னபூர்ணா மருத்துவக் கல்லூரி சென்னை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பது, அதனால் கீழ்ப்பாக்கம் கவுன்சலிங்கில் வரும். விநாயகா மிஷன் கல்லூரிகளான கிருபானந்த வாரியார் மருத்துவக் கல்லூரியும் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பவை. அவற்றின் இடங்கள் டெல்லியில் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்தும் கவுன்சலிங்கில்தான் வரும். மாநிலப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடித் தேடி "லிஸ்ட்ல இல்லையே" என்று நிற்பவர்கள் வருஷா வருஷம் உண்டு. எம்.சி.சி.யில் நிகர்நிலைக்குப் பதிவு செய்ய 5,000 ரூபாய் திரும்பாத கட்டணம், 2,00,000 ரூபாய் முன்வைப்புத் தொகை (டெபாசிட்). அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் என்றால் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய் கட்டணம், 10,000 முன்வைப்பு. முதல் ரவுண்டில் கிடைத்ததில் சேராமல் விட்டால் முன்வைப்புக்குச் சேதமில்லை. இரண்டாம் ரவுண்டில் விட்டால் அது போய்விடும். பல் மருத்துவத்தை "பார்க்கலாம்" என்று நிகர்நிலைப் பட்டியலில் போட்டுவைத்து, அது கிடைத்து, வேண்டாம் என்று இரண்டு லட்சத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இ-சேவை மையத்தில் இருக்கிறவருக்கே தெரியும். நம்மிடம் இருக்கிற பி.சி., எம்.பி.சி. நிரந்தர சாதிச் சான்று மாநிலக் கவுன்சலிங்குக்குப் போதும். எம்.சி.சி.யில் அது செல்லாது. அங்கே மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. 'கிரீமிலேயர் அல்லாதவர்' சான்று வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தாலுகா ஆபீஸில் ஜூலையில் கூட்டம் அள்ளும். மே மாதமே மனுப் போடுவது நல்லது. நீட் விண்ணப்பத்திலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் இனிஷியல் முன்னால் பின்னால் மாறி இருந்தால் அதையும் அப்போதே கவனியுங்கள்.

இனி வேலை. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, கட்-ஆஃபைப் பற்றியே பேசுகிறோம்.

பல் மருத்துவம் கையால் செய்கிற தொழில். முதல் வருடத்திலேயே மெழுகுக் கட்டியைக் கொடுத்துப் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். மேல்வரிசை முன்பல்லின் தலைப்பகுதி 10.5 மில்லிமீட்டர் உயரம், 8.5 அகலம், அரை மில்லிமீட்டர் தப்பினால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் நம்மூரில் மெழுகு விரலிலேயே குழையும், அது தனிச் சோதனை. வாயை அளவெடுக்கும் ஆல்ஜினேட் பவுடரும் அப்படித்தான்: மத்தியான வேளையில் மாடித் தொட்டித் தண்ணீரில் கலந்தால் தட்டில் ஏற்றுவதற்குள்ளேயே இறுகிவிடும், குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஏற்காட்டில் முகாம் போட்டால் நேர்மாறு, இறுகட்டும் என்று காத்திருக்க வேண்டும். இரண்டாம் வருடம் பொம்மைத் தலையில் பயிற்சி. மூன்றாம் வருடத்தில்தான் மனித வாய். நன்றாகத் திறந்த வாயின் இடைவெளியே 40 மில்லிமீட்டர் சுமார்தான். அதற்குள் கண்ணாடியைப் பார்த்து, பிம்பம் தலைகீழாக இருக்க, நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியைப் பிடிக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர், ஆனால் பெரும்பாலும் நான்கு கால்வாய். அந்த நான்காவதைத் தவறவிட்டால் ரூட் கெனால் செய்த பல் ஆறு மாதத்தில் மறுபடி வீங்கும். ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரம் குனிந்தே உட்கார வேண்டியிருக்கும். நாற்பது வயதில் கழுத்தும் இடுப்பும் கணக்குக் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பிள்ளைக்கு இது ஒத்து வருமா என்று பார்க்க ஒரு சோப்புக் கட்டி போதும். முன்பல்லை மூன்று மடங்காக, அதாவது 31.5க்கு 25.5 மில்லிமீட்டரில், ஸ்கேலும் சின்னக் கத்தியும் கொடுத்துச் செதுக்கச் சொல்லுங்கள். பல் அழகாக வருகிறதா என்பது முக்கியமில்லை, யாருக்கும் முதல் தடவை வராது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு சோப்பு கேட்கிறாளா, போனை எடுத்துவிட்டாளா என்று பாருங்கள்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அப்படி வீட்டுச் சோதனை கிடையாது. பத்தொன்பது பாடம், நாலரை வருடம் வகுப்பு, அதற்குப் பிறகு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். ஜி.எச். அவசரப் பிரிவு வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக ஒரு ராத்திரி இருந்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று ஓரளவு புரியும். அங்கே தேவைப்படுவது கை நுணுக்கத்தைவிட, தூக்கம் இல்லாமல் முடிவெடுக்கிற தெம்பும், விடாமல் படிக்கிற பொறுமையும். முதல் வருடப் பாடங்களுக்கு நான்கு முயற்சிதான். மொத்தப் படிப்பையும் 9 வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணைய விதி.

வருடக் கணக்கில் அரை வருடம்தான் வித்தியாசம் மாதிரி தெரியும்: பி.டி.எஸ். நான்கும் ஒன்றும் ஐந்து, எம்.பி.பி.எஸ். ஐந்தரை. உண்மையான வித்தியாசம் அதற்கப்புறம்தான் வருகிறது. பி.டி.எஸ். முடித்தவர் அடைப்பது, எடுப்பது, பல் கட்டுவது என்று அன்றாட வேலையை மேற்படிப்பு இல்லாமலே செய்யலாம். பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவு, மூன்று வருடம்; விருப்பமும் வசதியும் இருந்தால் போகலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு சேலம் டவுனில் தனியாக நிற்பது இன்று கஷ்டம். நீட் பி.ஜி.க்காக ஒன்றிரண்டு வருடம், அதன்பின் மூன்று வருடம் என்று பார்த்தால் முப்பதை ஒட்டித்தான் நிமிர முடியும். அதுவரை வீடு தாங்குமா என்பதைப் பட்டியல் போடும்போதே பேசிவிட வேண்டும்.

ஆனால் அரசு வேலை என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாயும். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர் தேவை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் பல் மருத்துவர் இடங்கள் அதில் ஒரு சிறு பங்குதான். பணியில் சேர்ந்த எம்.பி.பி.எஸ்.காரருக்கு மாநில முதுநிலை இடங்களில் பாதி ஒதுக்கீடும் உண்டு. பல் டாக்டர் பெரும்பாலும் சொந்தக் காலில் நிற்க வேண்டியவர். நாற்காலி, கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, அந்த எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, மருத்துவக் கழிவை எடுத்துப்போக ஒப்பந்தம், கிளினிக் பதிவு: முதல் நோயாளி வருவதற்கு முன்பே பல லட்சம் இறங்கிவிடும். அதனால் படிப்புச் செலவோடு இந்த முதலீட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நோயாளிக்குப் பஞ்சமில்லை என்பது வேறு. சேலம், தருமபுரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்த பற்கள் பழுப்புக் கோடுகளோடு இங்கே எங்கும் பார்க்கக் கிடைக்கும்.

பல் மருத்துவக் கல்லூரியைப் பட்டியலில் ஏற்றும் முன், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதன் ஓ.பி.க்குப் போய் நாற்காலிகளை எண்ணுங்கள். எத்தனையில் நோயாளி இருக்கிறார்? இறுதி ஆண்டில் இத்தனை பல் எடுப்பு, இத்தனை அடைப்பு, இத்தனை முழுப் பல்செட் என்று மாணவருக்குக் கணக்கு உண்டு. கூட்டம் இல்லாத கல்லூரியில் பிள்ளைகள் ஊரிலிருந்து பஸ் காசு கொடுத்து நோயாளியை அழைத்து வந்து அந்தக் கணக்கை முடிக்கிறார்கள். கட்டடமும் ஹாஸ்டலும் இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

கடைசியாக, "பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துகொண்டே நீட் மறுபடி எழுதுகிறேன்" என்கிற திட்டம். பி.டி.எஸ்.ஸிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை, முதல் வருடத்திலிருந்துதான். உடற்கூறியல், மெழுகு, வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் நடுவே 180 கேள்விக்குத் தயாராவது இரண்டையும் கெடுக்கும். ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இடையில் நிறுத்துவது பற்றி ப்ராஸ்பெக்டஸ் என்ன சொல்கிறது என்று சேருவதற்கு முன்பே படியுங்கள். மறுபடி எழுதுவதாக இருந்தால் சேராமல் எழுதுங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் பி.டி.எஸ். இடங்கள் கடைசி ரவுண்டு வரை மிஞ்சுவது வழக்கம், பதறிக்கொண்டு முதல் நாளே பிடிக்க வேண்டியதில்லை.

பட்டியலைப் பூட்டியதும் பி.டி.எஃப். இறக்கி, வரி வரியாக ஒருவர் படிக்க இன்னொருவர் காகிதத்தில் டிக் அடியுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஊரே மாறிவிடும்.